ஒரு கிளிக்கு மட்டும் வளையம்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையோரத்து பங்களா ஒன்றில் நெடுங்காலம் புழங்கிய ஒரு பாக்குவெட்டியைப் பற்றிச் சில பேச்சுகள் இன்னமும் என் செவிக்கு வந்துகொண்டிருக்கின்றன. அது என் தந்தையார் அடித்தது என்றும், பட்டம் பெற்ற மகன் அதைத் தன் கைவேலை என்று சொல்லிப் பெயர் வாங்கிக்கொண்டான் என்றும் தென்காசியில் சிலர் கூறுகிறார்களாம். என் தந்தையாரின் கைத்திறனுக்கு என் வேலையைக் கடன் கொடுத்து உயர்த்தவேண்டிய அவசியம் இல்லை. எனக்கும் அவருடையதை எடுத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. ஆகவே நடந்ததை எழுதிவைக்கிறேன்.

முப்பதுகளின் தொடக்கத்தில் நான் திருநெல்வேலியில் பி.ஏ. முடித்துத் திரும்பினேன். கடைசி வருஷப் படிப்பின்போதே தந்தையார் காலமாகிவிட்டார். வீட்டில் மிஞ்சியிருந்தவர் அவருடைய தங்கை, இளம் வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்ட என் அத்தை. தந்தையார் இருந்தவரை பட்டறையில் துருத்தி இழுத்தவரும் அவர்தான். சர்க்கார் உத்தியோகம் எதுவும் அந்த நாளில் எளிதில் கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை காத்திருப்பதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. ஒரு நாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உலையில் கரி கொட்டினேன். சிறுவயது முதல் பார்த்தும் செய்தும் பழகிய வேலைதான். கல்லூரி விடுமுறைகளிலும் நான் சும்மா இருந்தவன் அல்லன்.

அதன் பிறகு என்னோடு பேசுவோர் குறைந்தார்கள். எங்கள் தெருவில் இருந்த மற்றப் பட்டறைக்காரர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு, "வாங்க சார்" என்பார்கள். அந்த 'சார்' என்னை வாசலிலேயே நிறுத்திவிடும். மாலையில் குளித்து, சட்டை அணிந்து, வாசகசாலைக்குப் போனால் அங்கிருந்த வக்கீல்களும் உபாத்தியாயர்களும் என் விரல் நகங்களில் இருந்த கரியைப் பார்ப்பார்கள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. நான் படித்து முடித்த பத்திரிகையை அடுத்தவர் எடுப்பதற்குச் சிறிது நேரம் ஆகும், அவ்வளவுதான். நாளடைவில் வாசகசாலைக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். கோயிலுக்குப் போவேன். அங்கே கோபுர வாசலில் வீசும் காற்றை வாங்க யாரிடமும் பேசவேண்டியதில்லை.

என்னைத் தேடிவந்த ஒரே மனிதன் கல்லூரி விடுதியில் எனக்கு அடுத்த அறையில் இருந்தவன். ஆலங்குளம் பக்கத்துப் பெரிய நிலக்காரர் வீட்டு ஒரே மகன். சாரல் காலத்தில் அவன் தகப்பனார் குற்றாலத்தில் பங்களா எடுத்துக் குடும்பத்தோடு தங்குவார். அவன் மட்டும் இரண்டு நாளைக்கு ஒரு முறை வண்டி கட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்து, எங்கள் பட்டறையில் கிடந்த மரத்துண்டின்மேல் உட்கார்ந்துகொள்வான்.

"என்னலே பட்டதாரி, கரியும் புகையுமா நிக்கே? உன்னைப் பாத்தா லாஜிக்ல முதல் மார்க் வாங்குனவன்னு எவன் சொல்லுவான்?" என்பான். நானும் சிரிப்பேன். அவன் கேட்டால் எனக்குக் கோபம் வராது.

அந்த ஆண்டுச் சாரலில் ஒரு நாள் அவன் வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான். "எங்க அப்பா பாக்குவெட்டி தேனருவிக்குப் போற வழியில எங்கனயோ விழுந்து தொலைஞ்சு போச்சுலே. வீட்டுல ஒருத்தரோடயும் பேச்சு இல்ல. எந்த வெட்டியில வெட்டிக் குடுத்தாலும், 'இது என்ன, மாட்டுக்குப் பருத்திக்கொட்டையா'ங்காரு."

"நான் ஒண்ணு பண்ணித் தாரேன்" என்றேன்.

"நீயா? உங்க தெருவுல நல்ல கை யாராவது இருந்தா—"

"நான்னு சொன்னேன்."

"சரிலே, கோவிச்சுக்கிடாத. அப்பாட்ட சொல்லுதேன். ஆனா நம்ப மாட்டாரு. பி.ஏ. படிச்சவன் சம்மட்டி தூக்குதான்னு சொன்னா, எவனோ அடிச்சதை வாங்கியாந்து காட்டுவான்னுதான் சொல்லுவாரு."

"நம்புவாரு" என்றேன்.

மறுமுறை வந்தபோது தகப்பனார் அப்படியே சொன்னதாக அவன் தெரிவித்தான். ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் விருந்தாளிகள் கூடுகிறார்கள் என்றும், அன்று நானே கொண்டுவந்து கையில் கொடுக்கவேண்டும் என்றும் அழைத்தான். ஊரில் எவரும் என்னிடம் நேராகக் கேட்கத் துணியாத கேள்வியை அந்தப் பெரியவர் கேட்டுவிட்டார். அதற்குப் பதில் சொல்ல ஓர் இடம் கிடைத்ததில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சியே.

முதலில் காகிதத்தில் வரைந்தேன். இரண்டு கைப்பிடிகளின் நுனியிலும் ஒவ்வொரு கிளித்தலை. வெட்டியை மூடினால் இரண்டு அலகுகளும் தொட்டும் தொடாமலும் நிற்கவேண்டும். கழுத்து மெலிந்து வளைந்து தலைக்கு ஏறவேண்டும். வேலையின் அழகு முழுவதும் அந்தக் கழுத்தில்தான் இருந்தது. ஆபத்தும் அங்கேதான் இருந்தது.

இங்கே பட்டறையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். என் தந்தையார் உலை இருக்கும் பக்கத்தை எப்போதும் இருட்டாகவே வைத்திருந்தார். காரணம் எனக்குத் தெரியாததல்ல. இரும்பு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதை அதன் நிறம்தான் சொல்லும். அந்த நிறம் நிழலில்தான் தெரியும். வெயில் பட்டால் பழுத்த இரும்பும் கறுப்பாகவே தோன்றும். ஆயினும் வரைபடத்தைப் பார்த்து வேலை செய்ய எனக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. ஆகவே கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தேன். சாரல் காலத்தில் தென்காசியில் வெயில் ஏது என்பது என் கணக்கு. மலையிலிருந்து இறங்கும் மேகம் வானத்தை மூடியே வைத்திருக்கும். அந்த மங்கிய வெளிச்சத்தில் வரைபடமும் தெரிந்தது, இரும்பின் நிறமும் தெரிந்தது. பல நாட்கள் அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது.

வெட்டும் அலகுக்கு எஃகு பற்றவைத்து, ஒரு கிளியை முழுவதும் முடித்துவிட்டேன். கண்ணுக்குச் சிறு புள்ளி, அலகுக்குக் கீழே உளியால் ஒரு கோடு. சனிக்கிழமை காலை இரண்டாவது கிளியின் கழுத்தை வளைக்க உலையில் வைத்தேன். அத்தை துருத்தி இழுத்தார். அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது. கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் நேராக உலையின்மேல் விழுந்தது. நான் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இரும்பு இன்னும் காயாதது போல இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊதுங்க அத்தை" என்றேன்.

ஊதினார். பிறகு ஒரு சத்தம் கேட்டது. பொரி வறுக்கும்போது எழுவதுபோன்ற சிறிய, உலர்ந்த சத்தம். அதன் பொருள் உடனே எனக்குப் புரிந்துவிட்டது. குறடால் பற்றி இழுத்தேன். கழுத்து வரை வந்தது, தலை வரவில்லை. கருகிய வெல்லம்போல நுரைத்து, தொட்ட இடத்தில் உதிர்ந்தது.

நான் முதலில் செய்தது, ஒரு கோணியை எடுத்துக்கொண்டு ஏணிமேல் ஏறிக் கண்ணாடி ஓட்டை மூடியதுதான். கீழே இறங்கியபோது அத்தை துருத்தியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"போச்சா?"

"போச்சு."

"நாளைக்குல்லா குடுக்கணும்?"

"ஆமா."

அவர் உலைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணன் அடிச்ச பாக்குவெட்டி ஒண்ணு சுவத்து மாடாக்குழியில கெடக்கு. புளி போட்டுத் தேச்சுக் குடுத்தா பளபளன்னு இருக்கும். அவுகளுக்கு என்ன தெரியப் போவுது?" என்றார்.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறே? சட்டையில குத்திக்கிடப் போறியா?"

நான் உளியை எடுத்துவைத்தேன். அவர் உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடியும் துருத்தி அருகே உட்கார்ந்தார். கேலி செய்வாரே தவிர, அத்தை ஒருநாளும் என்னைத் தனியாக விட்டுப் போனதில்லை. உண்மையில் அந்தப் பட்டறையில் என்னோடு இருந்தவர் அவர் ஒருவரே.

முழுவதும் புதிதாகச் செய்ய நேரமில்லை. கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய கழுத்தில் புதிய தலையைப் பற்றவைக்கவேண்டும். முதலில் உளியால் ஒரு துண்டு வெட்டினேன். வெட்டுவாயைப் பார்த்தேன். சர்க்கரைபோலப் பெரிய பெரிய மணிகளாக மின்னியது. சூடு அதுவரை சென்று இரும்பைக் கெடுத்திருக்கிறது என்று பொருள். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டினேன். அப்போதும் மின்னியது. மூன்றாவது வெட்டில்தான் சாம்பல் நிறத்தில், நெருக்கமாக, நல்ல இரும்பு தெரிந்தது. அதற்குள் கழுத்தில் பாதி போய்விட்டது.

வேறொரு கம்பியின் நுனியில் புதிய தலையை அடித்தேன். முதல் கிளியின் தலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அலகின் வளைவையும் உச்சியின் மேட்டையும் விரலால் தடவித் தடவி ஒத்துப் பார்த்தேன். பிறகு இரண்டு முனைகளையும் சாய்வாகத் தட்டி, ஒன்றின்மேல் ஒன்று படியும்படி நாக்குபோலச் செய்தேன். இனி இரண்டையும் ஒரே சமயத்தில் வெள்ளையாகக் காய்ச்சி, பற்றுப்பிடிக்க மணல் தூவி, அடைகல்லில் பொருத்தி, ஆறுவதற்குள் அடித்துவிடவேண்டும். மெல்லிய இரும்பு, கண் இமைக்கும் நேரத்தில் ஆறிவிடும். இதற்கு இரண்டு கை போதாது.

"அத்தை, நான் சொன்னதும் துருத்தியை விட்டுட்டு இந்தக் குறடைப் பிடிச்சு, தலையை இதுமேல வைக்கணும்."

"கை ஆடுமே."

"ஆட்டாதீங்க."

"ஆடாம நிக்கதுக்கு நான் என்ன உன்னை மாதிரி காலேஜ்லயா படிச்சேன்?" என்றார். ஆனாலும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

முதல் முறை பற்றவில்லை. அவர் வைத்த இடம் மயிரிழை விலகியிருந்தது. நான் திருத்துவதற்குள் நிறம் போய்விட்டது. முனைகளை மறுபடியும் தட்டிச் சீராக்கினேன். இரண்டாம் முறை உலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருட்டில் இரண்டு முனைகளும் மஞ்சளாகி, வெளுத்து, மேல்பரப்பு நெய் தடவியதுபோல மினுங்கிய அந்தக் கணத்தில் "இப்ப" என்றேன். அத்தை வைத்தார். மூன்று அடி, மெதுவாக. அதற்குமேல் அடித்தால் பிய்ந்துவிடும். குறடை எடுக்கச் சொன்னேன். தலை கழுத்தில் நின்றது.

"நிக்குதாலே?" என்றார்.

"நிக்குது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்று சொன்னார்.

வளைத்து, அரத்தால் அராவி முடித்தபோதும் பற்றவைத்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு தெரிந்தது. பலத்துக்குக் குறைவில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது. அதை மறைக்க வழி தேடியபோது, கிளியின் கழுத்தில் இயற்கையாகவே ஒரு வளையம் உண்டு என்பது நினைவுக்கு வந்தது. ஆண் கிளிக்கு இருக்கும், பெண்ணுக்கு இராது. உடைந்த பித்தளைச் செம்பு ஒன்றின் விளிம்பிலிருந்து மெல்லிய பட்டை வெட்டி, கோட்டின்மேல் சுற்றி, தொண்டைக்குக் கீழே முனைகள் சேரும்படி இறுக்கினேன். மற்றக் கிளிக்கும் ஒன்று போடலாமே என்று அத்தை கேட்டார். குறையில்லாத வேலையை மூட எனக்கு மனம் வரவில்லை. ஒன்றுக்கு மட்டும் போட்டேன்.

ஞாயிறு காலை, பாக்குவெட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, குடையோடு நடந்தே குற்றாலம் போனேன். மழை தூவிக்கொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்ட மனிதர்கள் அருவியை நோக்கிச் சென்றார்கள். பங்களாவின் முன்வராந்தாவில் நண்பனின் தகப்பனார் சாய்வு நாற்காலியில் இருந்தார். சுற்றிலும் விருந்தாளிகள் ஏழெட்டுப் பேர். என்னைக் கண்டதும் அவர், "வாங்க தம்பி, இப்படி உக்காருங்க" என்று தம் பக்கத்திலிருந்த நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். நண்பன் எனக்குப் பின்னால் தூணில் சாய்ந்து நின்றான்.

பெரியவர் கைக்குட்டையைப் பிரித்தார். ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து வைத்து அழுத்தினார். சீவல் காகிதம்போல மெல்லியதாக வெற்றிலைமேல் விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று.

"பூவா விழுது, பாருங்கடே!" என்று எல்லாருக்கும் காட்டினார். பிறகு மூடிப் பார்த்தார். அலகுகள் சேர்ந்து நின்றதைக் கண்டு புன்னகைத்தார். அதன் பிறகுதான் வளையத்தைக் கவனித்தார். "ஒண்ணுக்கு ஆரம் இருக்கு, ஒண்ணுக்கு இல்ல... அட, ஆணும் பொண்ணும்! இது பெரிய யோசனைல்லா!"

விருந்தாளிகள் கைமாற்றிப் பார்த்தார்கள். பாராட்டினார்கள். பாராட்டு என்னை நோக்கித்தான் வருகிறது என்று நினைத்திருந்தேன்.

பெரியவர் என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்கும் கேட்கும்படி, மிகவும் அன்பாகச் சொன்னார்: "தம்பி, உங்க அப்பா கை எனக்குத் தெரியும். எங்க வீட்டு அரிவாள் ரெண்டு அவர் அடிச்சதுதான். இதுவும் அந்தக் கைதான். பழைய கையில்லாம இந்த யோசனை வராது. நீங்க படிச்ச பிள்ளை, நாளைக்குப் பெரிய உத்தியோகத்துக்குப் போறவரு. அப்பா பேரைச் சொல்லுததுல உங்களுக்கு என்ன கூச்சம்?"

அவர் என்னை அவமதிக்கவில்லை. அதை நான் இன்றும் அழுத்திச் சொல்வேன். அவர் எனக்கு ஒரு மரியாதையை நீட்டினார். திறமையான கொல்லரின் பட்டம் பெற்ற மகன் என்ற இடம் அது. ஆம் என்று தலையசைத்தால் போதும். அந்த நாற்காலி எனக்கு நிலைத்திருக்கும்.

"நான்தான் செஞ்சேன்" என்றேன்.

அவர் சிரித்தார். விருந்தாளிகளில் ஒருவர், "அடக்கம் இல்லாத பிள்ளையா இருக்காரே" என்றார். பின்னாலிருந்து நண்பன் குனிந்து என் காதருகே, "விடுலே. அப்பா சொல்லுதபடியே இருந்துட்டுப் போகட்டும். உனக்கு நல்லதுதானே" என்றான்.

அவன் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் ஒருவேளை விட்டிருப்பேன்.

மேஜைமேல் பழம் நறுக்கிய சிறு கத்தி இருந்தது. பாக்குவெட்டியைத் திரும்ப வாங்கினேன். தொண்டைக்குக் கீழே வளையத்தின் முனைகள் சேரும் இடத்தில் கத்தி நுனியைக் கொடுத்து நெம்பினேன். வளையம் விரிந்து கையில் வந்தது.

"எங்க அப்பா கையில இரும்பு கருகினதே கிடையாது. நேத்து காலையில இந்தக் கழுத்தை நான் கருக்கிட்டேன். வெட்டி எடுத்துட்டு வேற தலை பத்தவச்சேன். கோடு தெரியுது பாருங்க. அதை மறைக்கத்தான் வளையம். ஆணும் பொண்ணும் பிறகு வந்த யோசனை."

பெரியவர் வாங்கி, கட்டைவிரல் நகத்தை அந்தக் கோட்டின்மேல் ஓட்டினார். ஒரு முறை என் முகத்தையும், பிறகு என் கையையும் பார்த்தார். பிறகு அவர் மனம்விட்டுச் சிரித்தார்.

"ஒத்துக்கிடுதேன்! நீருதான் அடிச்சிருக்கீரு. நல்ல கை, ஆசாரி, நல்ல கை! வளையத்தை மாட்டித் தந்திரும். அது இல்லாம நல்லா இல்ல."

நான் எழுந்து பின்கட்டுக்குப் போனேன். அம்மிக்கல்லில் வைத்து, குழவிக்கல்லின் நுனியால் தட்டி வளையத்தை முன்போல இறுக்கினேன். சிறிது நேர வேலைதான். திரும்பி வந்தபோது நான் இருந்த நாற்காலியில் வேறொரு விருந்தாளி உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. வேலையைக் கொண்டுவந்து கொடுக்கும் ஆசாரி நின்றுகொண்டுதான் கொடுப்பார்.

"வயல்ல ஏர்க்கொழு, மம்பட்டி எல்லாம் மழுங்கிக் கெடக்கு. அனுப்பி வைக்கேன். இனிமே நம்ம வேலை எல்லாம் உம்மகிட்டதான்" என்றார் பெரியவர். அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது.

நண்பன் வாசல்வரை வந்தான். "மழையா இருக்கு. வண்டி கட்டச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"அப்பா உனக்கு மரியாதை குடுக்கத்தானே அப்படிச் சொன்னாரு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?" என்று கேட்டான். என் பதிலுக்கு நிற்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ அழைத்தார்கள்.

சாரல் முடியும்வரை அவன் பட்டறைக்கு வரவில்லை. நானும் குற்றாலம் பக்கம் போகவில்லை. கண்ணாடி ஓட்டை எடுத்துவிட்டுப் பழைய ஓட்டையே போட்டேன். வரைபடங்களை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வேன். அத்தை மட்டும் இரண்டொரு முறை, "அந்தச் சிரிச்ச முகத்துப் பையனைக் காணுமே" என்றார்.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள் தெருமுனையில் மாட்டுவண்டி ஒன்று நின்றது. "பி.ஏ. படிச்ச ஆசாரி வீடு எது?" என்று வண்டிக்காரர் கேட்பதும், நாலு வீட்டிலிருந்து ஒரே சமயத்தில் எங்கள் வீட்டைச் சொல்வதும் கேட்டன. அந்தப் பெயரை அதற்குமுன் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று முதல் ஊருக்கு நான் அப்படியே ஆனேன். வண்டி நிறையக் கொழுவும் மண்வெட்டியும் வந்திருந்தன. இருவருமாக இறக்கி வைத்தோம்.

"பெரியய்யா சீக்கிரம் முடிச்சுத் தரச் சொன்னாவ. உம்ம வேலையைத்தான் வாரவுக போறவுக எல்லார்கிட்டயும் காட்டுதாவ" என்றார் வண்டிக்காரர்.

"அவுக மகன் ஏதாவது சொல்லிவிட்டாரா?"

"சின்னய்யாவா? அவுக மெட்ராஸுக்குல்லா போயிட்டாவ, வக்கீலுக்குப் படிக்க. ஒண்ணும் சொல்லலியே."

வண்டி திரும்பிப் போனது. நான் உள்ளே வந்து, முதல் கொழுவை உலையில் வைத்து, ஊதும்படி அத்தையிடம் சொன்னேன்.